குறுக்குக் குச்சி

ஒரு சுள்ளி, ஒரே ஒரு சுள்ளி வைக்காமல் போயிருக்கிறான், யார் என்று கேட்கவே வேண்டாம், எர்மோலாய்தான், மனைவியின் தம்பி என்ற முறையை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் கூடவே வேட்டைக்கு வந்த அந்த நன்றிகெட்ட பயல்தான், அவனையும் தன்னையும் விட்டால் இந்தக் குடிலுக்கு வருகிறவன் யார்... கவ்ரீலா தகர அடுப்பின் முன்னால் மண்டியிட்டபடி மறுபடியும் உள்ளே கையை விட்டுப் பார்த்தான், சாம்பல், குளிர்ந்து இறுகிய சாம்பல், சாம்பலைத் தொடுகிறோமா தகரத்தைத் தொடுகிறோமா என்றுகூட விரலுக்குத் தெரியவில்லை. குடிலை விட்டுக் கடைசியாகப் போகிறவன் அடுப்பில் பிர்ச் மரப்பட்டையும் சீவலும் அடுக்கி, மேலே பிளந்த விறகு வைத்து, பக்கத்தில் இன்னொரு நாளைக்கான விறகையும் போட்டுவிட்டுப் போக வேண்டும், வருகிறவனுக்குத் தீக்குச்சி உரசுவது ஒன்றுதான் வேலையாக இருக்க வேண்டும், அவன் எந்த நிலைமையில் வருவான் என்று யார் கண்டது, இப்படி முழங்கால்வரை நனைந்து, இரண்டு கையும் கட்டையாகி வரலாம் இல்லையா? இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருந்தால் இந்நேரம் எவனாவது ஏமாற்ற வழி கண்டுபிடித்திருப்பான், இந்தச் சைபீரியக் காட்டில் ஏவெங்கி வேடர் குலத்தில் பிறந்தவனுக்கு நடக்க வரும்போதே இதுவும் வந்துவிடும். கூரையில் தொங்கவேண்டிய தேயிலைப் பை இல்லை, உப்பு இல்லை. திருடன்கூட இப்படிச் செய்ய மாட்டான், திருடன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவான், இவன் வருகிறவன் சாகட்டும் என்று துடைத்துவிட்டுப் போயிருக்கிறான், இதற்குக் கொலை என்பதைத் தவிர வேறென்ன பெயர்?

கால்... கால் வலிக்கவில்லை, அதுதான் பயம், அரைமணி நேரம் முன்னால்வரை வலித்துக்கொண்டிருந்தது. ஆற்று வளைவில் செர்கோ, அந்த நாய், நகரமாட்டேன் என்று பனியில் உட்கார்ந்துவிட்டது, கவ்ரீலா அதன் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான், இரண்டு வருஷம் முன்னால் செத்துப்போன அந்தப் பெட்டை நாய்தான் அதன் அம்மா, அது உயிரோடு இருந்தபோது இரண்டும் முன்னால் ஓடும், அது போனபின் செர்கோவுக்குச் சோம்பல் என்று நினைத்தான். சோம்பல் இல்லை. நல்ல குளிரில் ஆற்றுத் தண்ணீர் சில இடத்தில் தரைவரை உறைந்து வழியை அடைத்துவிடும், அப்போது அடியில் ஓடும் தண்ணீர் பிதுங்கி மேலே வந்து, பனிப்போர்வைக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கும், மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றுமே தெரியாது. காலில் கட்டிய சறுக்குக்கட்டையோடு சேர்ந்து முழங்கால்வரை இறங்கிவிட்டான். எப்படி ஏறினான், காலைப் பொடிப்பனியில் போட்டுப் புரட்டி ஈரத்தை உறிஞ்ச விட்டான், கட்டையில் ஒட்டிய பனிக்கட்டியைக் கோடாலியால் தட்டினான், அப்புறம் நடந்தான், நடந்தான்... தோல் பூட்ஸ் மரம்போல் ஆகிவிட்டது. ஆற்றில் இப்படி விழுந்தவன் பின்னால் வருகிறவனுக்காகத் தடத்தில் ஒரு குறுக்குக் குச்சி போட்டுவிட்டு வர வேண்டும், இந்த வழியில் வராதே என்று. எர்மோலாய் வாலிபத்தில் ஒருதரம் அதைப் போடாமல் வந்து, பின்னால் வந்தவனின் இரண்டு பனிமான் காலொடிந்து போயின. இருபது வருஷம் ஒரு கல்யாணம் விடாமல் அந்தக் கதையைச் சொன்னான் கவ்ரீலா, மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள், எர்மோலாய் தட்டைப் பார்த்துக்கொண்டு கறியை மென்றுகொண்டிருப்பான். அந்த வன்மம்தான், அதை மனசில் வைத்துக்கொண்டுதான் இப்போது அடுப்பைக் காலியாக்கியிருக்கிறான். அழுத்தக்காரன்.

விறகு வேண்டும். குடிலுக்குப் பின்னால் பட்டுப்போன லார்ச் மரம் நிற்கிறது, ஐம்பது அடிதான், ஆனால் இந்தக் காலோடு ஐம்பது அடி போய், வெட்டி, இழுத்து... முடியாது. படுக்கைப் பலகை. தன் கையால் அறுத்துப் போட்ட பலகை, அதைத்தான் உடைக்க வேண்டும், இதையும் அவன் கணக்கில் வை. கோடாலி பிடிபடவில்லை, பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கும்பிடுவதுபோல் பிடித்து இறக்கினான், மூன்றாவது அடியில் பலகை பிளந்தது. கத்தியையும் அப்படியே பிடித்துப் பலகையின் ஓரத்தைச் சீவினான், சீவல் அறுந்து விழாமல் கட்டையிலேயே சுருண்டு நிற்க வேண்டும், கோழிச் சிறகுபோல், தீ அதில்தான் ஏறும்... ஒரே மரத்தைச் சுற்றி கவ்ரீலா இரண்டுதரம் வந்தானாம். போன மார்ச் மாதம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மனைவி மார்ஃபாவை வைத்துக்கொண்டு எர்மோலாய் சொன்னான்.

“மச்சான், கோவிச்சுக்காத. அந்த முறிஞ்ச லார்ச்சத் தாண்டி நாம ரெண்டு தரம் வந்தோம். நீ கவனிக்கவே இல்ல. நான் வாயத் தொறக்காம உன் பின்னாலயே வந்தேன்.”

வாயைத் திறக்காமல் வந்தானாம், சோதித்துப் பார்த்திருக்கிறான், மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல். இந்தக் காட்டில் எந்தச் சரிவில் பாசி கனத்து வளரும், எந்த மேட்டில் காற்று பனியை எந்தப் பக்கம் ஒதுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான் கவ்ரீலா, இவனிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, பாட்டரி செத்தால் இவனும் செத்தான். அதற்கு மார்ஃபா என்ன சொன்னாள், கட்டின புருஷன் பக்கம் ஒரு வார்த்தை? சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு, “தம்பி சொல்றது எனக்கும் தெரியும்”னாள். என்ன தெரியும்? அன்றோடு பேச்சு நின்றது, வேட்டைப் பங்கு நின்றது, இனி தனியாகவே போகிறேன் என்றான் கவ்ரீலா. இந்தத் தடவை கிளம்பும்போதும் வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“இங்க பாரு, மூணாம் நாள் காலைல ரேடியோல உன் குரல் வரலைன்னா எந்தம்பிய அனுப்பிருவேன். அப்புறம் நீ குதிச்சுக் கூத்தாடு, எனக்கென்ன.”

ரேடியோ வேலை செய்கிறது. வேண்டுமென்றேதான் இன்று காலை அவன் பேசவில்லை, என்னைக் காவல் காக்க நீங்கள் யார்?

தோட்டாக் கூட்டில் மெழுகு வைத்து அடைத்திருந்த தீக்குச்சிகளை, கூட்டின் வாயைப் பல்லால் திறந்து கொட்டினான். இரண்டு ஒடிந்தன. மூன்றாவதைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுப்புத் தகரத்தில் முகத்தோடு சேர்த்து உரசினான், மீசை பொசுங்கியது, பொசுங்கட்டும், சீவல் பிடித்துக்கொண்டது. பூட்ஸைக் கத்தியால் பிளக்காமல் கழற்ற இன்னும் எவ்வளவோ நேரம் ஆயிற்று. விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன. காலை நாயின் வயிற்றுக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தான், செர்கோ சிலிர்த்தது, ஆனால் விலகவில்லை. வலி வந்தது. ஒவ்வொரு விரலாக, ஊசி காய்ச்சிக் குத்துகிறாற்போல, வா, வா, நல்லா வலி... இருக்கிறது, எல்லா விரலும் இருக்கிறது. இனி அவனைப் பார்த்துக்கொள்ளலாம். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும், வாய்ப்பேச்சாக இல்லை, அடையாளத்தோடு. கடைசியாகப் போகிறவன் கதவு நிலையில் தன் குறியை வெட்டி, கீழே எத்தனையாவது மாதமோ அத்தனை கோடு போட்டுவிட்டுப் போவது வழக்கம், எர்மோலாயின் குறி பெருக்கல் மாதிரி இரண்டு கோடு, அந்தத் துண்டை அப்படியே அறுத்து எடுத்துக்கொண்டு போய் மார்ஃபாவின் மேசையில், அந்தச் சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில்... அடுப்பு வெளிச்சத்தில் நிலையைப் பார்த்தான்.

கடைசிக் குறி காக்கைக்கால். மூன்று கோடு. கவ்ரீலாவின் குறி. கீழே நான்கு கோடு, ஏப்ரல். பொய், திருட்டுத்தனம், என் குறியை அவன் வெட்டியிருக்கிறான், அதையும் செய்யக்கூடியவன்தான்... முழங்காலால் நகர்ந்து போய் விரலால் தடவிப் பார்த்தான். வெட்டின் சரிவு வலப்பக்கம் விழுந்திருந்தது. இந்தக் காட்டுப் பக்கத்தில் இடதுகையால் கத்தி பிடிக்கிறவன் கவ்ரீலா ஒருவன்தான். ஏப்ரலில் இங்கே எதற்கு வந்தேன், ஏப்ரலில் இடுப்புவலியோடு படுத்திருந்தேனே, இல்லை, அது போன வருஷமா, மார்ஃபா ஒருநாள் கேட்டாள், மூணு நாள் எங்க போன, மொகமெல்லாம் கரியா இருக்குன்னு... கரி. விறகு. அப்போது ஞாபகம் வந்தது, ஒரு துண்டாக, முன்னும் பின்னும் இல்லாமல், இந்த அடுப்பு சிவக்கச் சிவக்க எரிகிறது, தானே கட்டை கட்டையாக எடுத்துத் திணிக்கிறான், குளிருக்காக இல்லை, குடிலுக்குள் வேர்வை வழிகிறது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எரிக்கிறான், ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது, வரட்டும், வந்து காலி அடுப்பைப் பார்க்கட்டும் அந்தப் பயல், வழி தெரியாதவன் யார் என்று அப்போது தெரியும். தேயிலைப் பையை அவிழ்த்துத் தீயில் கொட்டியதுகூட... அந்த வாசனை. குறியையும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான், யார் செய்தது என்று எர்மோலாய்க்குத் தெரிய வேண்டும் என்று. எர்மோலாய் வரவேயில்லை. செய்தது கவ்ரீலா, சரி, செய்ததை மறந்தவனும் அவனே, இதில் எது மோசம், யாரிடம் கேட்பது, யாரையாவது திட்ட வேண்டும்போல வாய் வந்தது, ஆள்தான் அகப்படவில்லை.

நாய் காதை நிமிர்த்தியது. ஒன்றுமில்லை, மரம் குளிரில் வெடிக்கிற சத்தம். ஆனால் மூன்றாம் நாள்... இன்று மூன்றாம் நாள், காலையில் குரல் போகவில்லை, மார்ஃபா சொன்னால் செய்கிறவள், எர்மோலாய் இந்நேரம் கிளம்பி பாதி தூரம் வந்திருப்பான், இனி ரேடியோவில் சொன்னாலும் வீட்டிலிருக்கும் மார்ஃபாவுக்குத்தான் கேட்கும், வழியில் வருகிறவனுக்குக் கேட்காது. தடத்தைப் பிடித்துக்கொண்டு வருவான், தலையைக் குனிந்துகொண்டு, அதுதான் அவன் நடை, முப்பது வருஷமாக முன்னால் போகிறவனின் தடத்தில் அப்படியே கட்டையை வைத்து நடந்து பழகியவன். அந்தத் தடம் நேராக ஆற்று வளைவுக்குள் போகிறது. குறுக்குக் குச்சி வைத்தேனா? வைத்தேன், வைக்காமல் எப்படி வருவேன், எர்மோலாயை இருபது வருஷம் கேலி பண்ணியவன் நான், கண்ணுக்கு முன்னால் தெரிகிறதே, ஆற்றங்கரை வில்லோக் கொம்பை வெட்டித் தடத்துக்குக் குறுக்கே போட்டு, சுற்றிப்போக வேண்டிய கரையைக் காட்டி ஒரு கவட்டையும் நட்டு, கையுறையில் ஒட்டிய பனியைத் தொடையில் தட்டி, நிமிர்ந்து பார்க்கிறேன், நாய்கள் கரையில் நிற்கின்றன...

நாய்கள். இரண்டு.

அம்மா போனபின் மிஞ்சிய ஒரே நாய் செர்கோ அவனையே பார்த்தது. கவ்ரீலா அடுப்புக்குப் பக்கத்திலிருந்து பூட்ஸை இழுத்தான், உள்ளே இன்னும் பனிக்கட்டி கரையவில்லை, வீங்கின காலை அதற்குள் திணித்தபோது எர்மோலாயை நினைத்து வாய்விட்டுக் கத்தினான், “சனியனே, கூப்பிடாம எதுக்குடா வர்ற, இன்னிக்கு ஒருநாள் சோம்பேறியா இருந்தா உனக்கு என்னடா கேடு” என்று. மற்றப் பூட்ஸ் ஏறவில்லை, அந்தக் காலுக்கு எதைச் சுற்றுவது என்று தேடினான். இன்று காலை, இல்லை, சற்று முன்னால், அந்த வளைவில் ஏறியதும் முதலில் என்ன செய்தேன்... கோடாலியால் தட்டினேன், அது தெரிகிறது. அதற்கப்புறம்? வெளிச்சம் இன்னும் ஒருமணி நேரம் இருக்கும், அதற்குள் வளைவுக்குப் போய்ச் சேர வேண்டும்.