அகலப்பட்டை ஒண்ணு

காலை ஏழு இருபதுக்கே கடை வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். துவான் லிமினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமையும் அதுவுமாக இவர்களுக்கெல்லாம் வேலைவெட்டி கிடையாதா? வீட்டிலேயே ஒரு வாய் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? ஆனால் லான்ஜோக்காரனுக்கு விடிந்ததும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் உள்ளே இறங்காவிட்டால் கை கால் ஓடாது. லிமினும் அந்த ஊர்க்காரன்தான், மற்ற நாட்களில் அவனும் இந்த வரிசையில் நிற்பவன்தான். இன்று ஒரு நாள் ஊரே தூங்கித் தொலைந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

அவனிடம் இருந்தது ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். சாலைக்கு அந்தப் பக்கம் பதிவு அலுவலகம், எட்டரைக்குத் திறப்பார்கள். போன மாதம் அவனும் மனைவி ஷூமேயும் அங்கேதான் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். முப்பது நாள் பொறுங்கள், மனசு மாறினால் மாறட்டும் என்பது சட்டம். முப்பது நாளும் முடிந்துவிட்டது. ஷூமேயின் மனசு மாறவில்லை. லிமினுக்கோ விவாகரத்தில் முதலிலிருந்தே இஷ்டமில்லை. ஏதோ கோபத்தில் கிடக்கிறாள், கையெழுத்துப் போட்டுக் காட்டினால் பயந்து வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்துப் போட்ட மகா புத்திசாலி அவன். அவள் பயப்படவில்லை. அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "குணம் ஒத்துவரவில்லை" என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு வார்த்தை முப்பது நாளாக அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. குடிக்கிறானா? சீட்டாடுகிறானா? ஒரு நாள் கை ஓங்கியிருக்கிறானா? சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவன். மகளை செங்டூவில் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைக்கிறான். இதற்கு மேல் குணம் என்றால் என்ன எழவு குணம்?

நேற்று ஃபோனில், "போறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றான். அவள் சரி என்றாள். அது போதும் அவனுக்கு. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு நான்கு விஷயங்களை யோசித்து வைத்திருந்தான். மூலை மேஜையில் உட்கார வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும், நான்கையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

லிமின் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இண்டிகேட்டர் போடு, கிளட்சை மிதி, கண்ணாடியைப் பார் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறவன். வரிசையிலும் ஷூமேயின் பக்கத்தில் சும்மா நிற்க முடியவில்லை.

"இந்தப் பக்கம் வா, அங்க குளிர் காத்து. பையை முன்னாடி போட்டுக்கோ, கூட்டத்துல எவனாவது கை வைப்பான்."

ஷூமே நகரவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், நின்று பழக்கம். "கடைசி நாள்லயும் எட்டு யுவான் கடைதானா?" என்றாள். சிரிக்கிறாளா குத்துகிறாளா என்று தெரியவில்லை.

"கடைசி நாள்னு யார் சொன்னது? கேளு ஷூமே, முதல் விஷயம் என்னன்னா…"

"நகருங்க அண்ணே, நகருங்க! கதை பேசவா வந்தீங்க?" பின்னாலிருந்து ஒரு பெண் முழங்கையால் இடித்தாள். வரிசை நான்கு அடி நகர்ந்திருந்தது. லிமின் நகர்ந்தான். முதல் விஷயம் அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே நுழைந்து சீட்டு வாங்குவதற்குள் ஏழு ஐம்பது. கல்லாவில் இருந்த முக்காடு போட்ட பெண்மணி தலையை நிமிர்த்தாமலே இரண்டு சீட்டைக் கிழித்து நீட்டினாள். கடை கடையாகவா இருந்தது? முப்பது பேர் உட்காரும் இடத்தில் எழுபது பேர். உட்கார்ந்து சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்று அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், எப்போது காலியாகும் என்று. மாவை மேடையில் அறைகிற சத்தம், கொதிக்கிற அண்டா, உறிஞ்சுகிற சத்தம், எல்லாம் சேர்ந்து காதைக் கிழித்தது.

ஆனாலும் பாருங்கள், மூலை மேஜையில் இரண்டு பேர் எழுந்தார்கள்! லிமின் பாய்ந்தான். தன் தொப்பியை ஒரு நாற்காலியில் வைத்து, மற்றதில் ஷூமேயை உட்கார வைத்தான்.

"நீ இங்கயே இரு. எழுந்திரிக்காத. எவன் கேட்டாலும் ஆள் இருக்குன்னு சொல்லு. நான் வாங்கிட்டு வரேன்."

"எனக்கு…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும், தெரியும்" என்றபடியே அவன் கூட்டத்தில் நுழைந்துவிட்டான்.

நூடுல்ஸ் இழுக்கும் ஜன்னலில் சீட்டைக் கொடுத்து, எந்த ரகம் என்று நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடி மாதிரி சன்னம், சன்னம், அதைவிடச் சற்றே பருமனான ரெண்டாம் சன்னம், வெங்காயத்தாள் அகலம், பெல்ட் மாதிரி அகலப்பட்டை என்று ஆளுக்கு ஒரு ரகம். வேறு வேறு ரகம் சொன்னால் ஒன்று முன்னால் வரும், ஒன்று பின்னால் வரும். அதனால் லிமின் எப்போதும் இரண்டு பேருக்கும் ஒரே ரகமாகச் சொல்லிவிடுவான். கல்யாணமான இருபத்தோரு வருஷமாக இதே வழக்கம்.

"ரெண்டு சன்னம்!" என்று கத்தினான்.

வெள்ளைக் குல்லா வைத்த மாஸ்டர் யூசுப் தலையை ஆட்டிவிட்டு மாவுருண்டையைப் பிடுங்கினார். இழுத்தார், மடித்தார், இழுத்தார். கொதிக்கும் தண்ணீரில் வீசினார். சூப், முள்ளங்கி, கொத்தமல்லி, மேலே ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். இரண்டு கிண்ணங்கள் வந்து நின்றன. இரண்டும் ரெண்டாம் சன்னம்.

"மாஸ்டர், என்ன இது? நான் கேட்டது சன்னம்."

"ரெண்டாஞ்சன்னம்னுதானே கத்தின?"

"ரெண்டு! சன்னம்! ரெண்டு கிண்ணம், சன்னம்!"

"அப்ப சன்னம் ரெண்டு கிண்ணம்னு சொல்லணும். இந்த ஊர்லதானே பொறந்த? ரெண்டுன்னு ஆரம்பிச்சா ரெண்டாஞ்சன்னம்தான். பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

பேசாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த அற்ப வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது? மணி வேறு எட்டு. ஆனால் லிமினுக்கு அன்று எல்லாமே சொன்னபடி நடக்க வேண்டியிருந்தது. "என் பொண்டாட்டி சன்னம்தான் சாப்பிடுவா. மாத்திக் குடு" என்று அடம் பிடித்தான். பின்னால் நின்ற கூட்டம் சும்மா விடுமா?

"யோவ், வேணாம்னா எங்களுக்குக் குடுய்யா!"

"பொண்டாட்டி மேல பாசத்தைப் பாரு!"

இரண்டு கைகள் அவன் தோளுக்கு மேலாக நீண்டு கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு போயின. மாஸ்டர் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "சரி, மொதல்லேர்ந்து வா. ஆளாளுக்குச் சொல்லு. உனக்கு என்ன?"

"சன்னம்."

"அவங்களுக்கு?"

"அதான் சொன்னேனே, சன்னம்…"

"அகலப்பட்டை" என்றது அவன் காதோரம் ஒரு குரல்.

திரும்பினான். ஷூமே நின்றிருந்தாள். சண்டைச் சத்தம் கேட்டு எழுந்து வந்திருந்தாள். அவள் பின்னால் மூலை மேஜையில் வேறு இரண்டு பேர் ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவன் தொப்பி அந்த மேஜையோரத்து ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

"ஏன் எழுந்து வந்த? எழுந்திரிக்காதன்னு சொன்னேன்ல! இடம் போச்சு! இந்த ஒரு இடத்தைப் பிடிக்க நான்…"

மாஸ்டர் அவனைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் பல்லாக, "அட, புதன்கிழமை அக்கா! இன்னிக்குத் திங்கள்தானே? எப்பவும் போல பூண்டுத்தாள் கூட, மிளகாய் எண்ணெய் ரெண்டு கரண்டிதானே?" என்றார்.

"ஆமா மாஸ்டர்" என்றாள் ஷூமே. அவளும் சிரித்தாள். முப்பது நாளில் அவன் பார்த்த முதல் சிரிப்பு, அதுவும் நூடுல்ஸ் கடைக்காரனுக்கு.

புதன்கிழமை அக்காவா? அகலப்பட்டையா? எந்த ஊர் நியாயம் இது?

கதவோரத்தில், குளிர் காற்று அடிக்கிற இடத்தில், ஒரு டாக்சி டிரைவரின் எதிரே இரண்டு முக்காலி கிடைத்தது. மணி எட்டாகி எட்டு நிமிடம். லிமின் கிண்ணத்தைத் தொடவில்லை.

"என்ன அது, புதன்கிழமை?"

"புதன்கிழமை எனக்கு மதியம் ஷிஃப்ட். காலையில நீ வேலைக்குப் போனப்புறம் இங்க வந்து சாப்பிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷம் இருக்கும்." அவள் ஒரு பட்டையைத் தூக்கி, பதறாமல் கடித்தாள். உதட்டில் மிளகாய் எண்ணெய் மினுங்கியது.

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"கேட்டியா?"

"உனக்குச் சன்னம்தானே பிடிக்கும்!"

"கல்யாணமான புதுசுல ஒரு தடவை அகலப்பட்டை கேட்டேன். பொம்பளைங்க அதைத் தின்னா பார்க்க நல்லாருக்காது, மேலெல்லாம் தெறிக்கும், சன்னம் சாப்பிடுன்னு சொன்ன. அதுக்கப்புறம் நீயே சொல்லிடுவ. நானும் விட்டுட்டேன்."

அப்படிச் சொன்னோமா? சொல்லியிருக்கலாம். அவனுக்கு நினைவே இல்லை. அவனுக்கு வந்ததென்னவோ ஆத்திரம்தான். "இதுக்கா? ஒரு கிண்ணம் நூடுல்சுக்கா குடும்பத்தை உடைக்கிற?" குரல் எழும்பிவிட்டது. நாலு மேஜை திரும்பிப் பார்த்தது.

டாக்சி டிரைவர் சூப்பை உறிஞ்சி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, ஆறிப்போச்சுன்னா கூழாயிடும். மொதல்ல சாப்பிடு, அப்புறம் சண்டை போடு."

"நீங்க உங்க வேலையைப் பாருங்கண்ணே!"

"என் வேலை முடிஞ்சுது" என்று அவர் எழுந்தார். எழுந்த நொடியில் அந்த முக்காலியில் ஒரு தடித்த ஆசாமி உட்கார்ந்து, காதுகளைத் தீட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். எங்கே போய்ப் பேசுவது? சனியன் பிடித்த கடை!

எட்டு பதினைந்து. இரண்டாவது விஷயம், மூன்றாவது விஷயம் எல்லாம் தலைக்குள் கலங்கிப்போய்விட்டன. நான்காவது என்ன என்பதே மறந்துவிட்டது. லிமின் ஒரு பெருமூச்சு விட்டு, தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். இறங்கிவருவது அவனுக்குச் சுலபமில்லை. அவன் இறங்கிவந்தான்.

"சரி. தப்பு என்மேலதான். இனிமே நீ அகலப்பட்டையே சாப்பிடு. தாராளமா சாப்பிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஷூமே குச்சிகளைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை. கண்ணில் தண்ணீர் தளும்பும் வரைக்கும் சிரித்தாள்.

"பார்த்தியா?" என்றாள். "அதுக்கும் நீதான் உத்தரவு கொடுக்கிற."

"உத்தரவு எங்க கொடுத்தேன்? சாப்பிடுன்னுதானே சொன்னேன்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. அடுத்து என்ன பேசினாலும் அதுவும் இப்படித்தான் வரும் என்று தோன்றியது. போகாதே, இரு, வா, கேள், யோசி. வேறு மாதிரி ஒரு வாக்கியம் தேடினான். கிடைக்கவில்லை. இருபத்தோரு வருஷத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பழகியிருந்தால் அல்லவா இப்போது வாயில் வரும்?

அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். காகிதத்தால் வாயைத் துடைத்தாள். சட்டையில் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. அதையும் அவன் அப்போதுதான் பார்த்தான்.

"மணி எட்டு இருபத்தஞ்சு" என்று எழுந்து வெளியே போனாள்.

லிமினின் கிண்ணத்தில் சன்னம் ஊதிப்போய் சூப்பையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. ஒரு வாய் வைத்தான். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பதற்குள் யாரோ, "முடிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார்கள். இந்தக் கடையில் மனுஷன் உட்கார்ந்து அழக்கூட முடியாது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

ஷூமே சாலையைக் கடந்திருக்கவில்லை. சிக்னல் கம்பத்தடியில், கடைப் பக்கம் முகத்தைத் திருப்பி, அவனுக்காகத்தான் நின்றிருந்தாள். போகவில்லை! கிட்டத்தட்ட ஓடினான்.

"ஷூமே!"

"ரெண்டு பேரும் நேர்ல போனாத்தான் விவாகரத்துப் பத்திரம் தருவாங்க" என்றாள் அவள். "அடையாள அட்டை எடுத்துட்டு வந்தியா?"

ஒரே ஒரு விநாடிதான். அவன் பையைத் தடவுவது போல் தடவிவிட்டு, "அய்யய்யோ, வீட்டிலேயே வச்சிட்டேன். இன்னொரு நாள் வரலாமா?" என்றான்.

ஷூமே கோபப்படவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே சொன்னாள். "கோட்டுக்கு உள்ள, இடது பக்கப் பையில. எப்பவும் அங்கதான் வைப்ப."

அவன் கையை உள்ளே விட்டான். இருந்தது.