இருபத்து நான்கு பேர் சூடு

பத்தாயிரம் அடி உயரத்தில், புல்லே முளைக்கத் தயங்கும் பாறைமேல், முழுக்க மரத்தாலான ஒரு மலைக்குடில். வரைந்த கட்டட நிபுணருக்கு அதற்காக ஏற்கெனவே இரண்டு விருது வந்துவிட்டது. குடில்தான் இன்னும் வந்தபாடில்லை. அதைக் கட்டி முடிக்கும் பொறுப்பு தச்சர் தலையில் விழுந்தது.

சுவர்களை அடிவாரப் பட்டறையில் செய்து, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுப் பதினெட்டு நடையில் மேலே ஏற்றினார்கள். அது குடித்த எண்ணெய் சுற்றுச்சூழல் கணக்கில் சேராதாம். குடிலுக்குள் ஓர் அடுப்பு வைத்தால் மட்டும் சேருமாம். அதனால் அடுப்பு கிடையாது. இருபத்து நான்கு பேர் தங்கினால் அவர்களுடைய உடம்புச் சூடே போதும் என்று நிபுணர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். திரை முழுக்க இதமான ஆரஞ்சு நிறம். பார்த்தாலே போர்வையை உதறிவிடத் தோன்றும்.

தச்சர் மரத்தைத் தவிர வேறெதையும் சந்தேகப்படுகிறவர் அல்ல. ஆனால் பனிக்காலத்தில் குடிலைக் காக்கும் வேலை கிடைத்திருந்தது அவருடைய ஒரே மகளுக்கு. மலையேறுகிறவர்கள் யாரும் வராத நான்கு மாதம் அவள் ஒருத்திதான் அங்கே.

"அவ ஒருத்தி மட்டும் இருந்தா எவ்வளவு சூடு வரும் சார்?"

நிபுணர் தட்டிப் பார்த்தார். தங்குவோர் என்ற கட்டம் இருபத்து நான்குக்குக் கீழே இறங்க மறுத்தது. "ஏத்துக்க மாட்டேங்குதே" என்றார், என்னவோ தச்சரின் மகள்மேல்தான் தப்பு என்பதுபோல.

நிபுணர் மூன்றாவது விருதை வாங்கப் போயிருந்த வாரத்தில், தச்சர் ஓர் இரும்பு அடுப்பைப் பிரித்து முதுகில் சுமந்து மூன்று தடவை மலையேறினார். தான் பொருத்திய சுவரில் தானே ஓட்டை போட்டுப் புகைக்குழாயைச் சொருகினார்.

சுற்றுச்சூழல் சான்றிதழ் தரும் ஆய்வாளர் குடிலுக்கு வந்த அன்று மதியமே பனிக்காற்று பிடித்துக்கொண்டது. உள்ளே ஆய்வாளர், தச்சர், மகள், ஆக மூன்றே பேர். அடுப்பைக் கண்டதும் ஆய்வாளர் முகம் சுளித்தார். இதைக் கழற்றினால்தான் கையெழுத்து என்று கறாராகச் சொன்னார். பிறகு படிவத்தை விரித்து, 'நெருப்பு தேவைப்படாத கட்டடம்' என்று எழுதப் போனார். விரல் விறைத்துப் பேனா நழுவியது. எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் நழுவியது.

"கொஞ்சம் பத்த வைங்களேன். எழுதி முடிக்கிற வரைக்கும்" என்றார், சுவரைப் பார்த்தபடி.

மகள் தீப்பெட்டியை எடுத்தாள். உரசவில்லை.

"பத்த வைக்கிறேன் சார். ஆனா அடுப்பு இங்கயேதான் இருக்கும். அதையும் எழுதிருங்க."

ஆய்வாளர் பல் கிடுகிடுக்கப் படிவத்தைப் புரட்டினார். அடுப்புக்கென்று அதில் கட்டமே இல்லை, ஆட்களுக்கு மட்டுமே இருந்தது. அந்த அடுப்பு ஏறக்குறைய இருபத்து மூன்று ஆள் சூடு தரும் என்று மனக்கணக்கு போட்டார். தலையாட்டினார். தீ பற்றியது. விரல் மடங்கியதும், 'பனிக்காலத்தில் தங்குவோர்: இருபத்து நான்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். விதி மீறாத நிம்மதி முகத்தில் தெரிந்தது.

மறுநாள் தச்சர் இறங்கி வந்து பூட்ஸைக் கழற்றும்போதே மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பொண்ண தனியா விட்டுட்டா வந்தீங்க?"

"தனியா எங்க? அவளோட சேத்து இருபத்து நாலு பேரு. முத்திரை குத்தியே குடுத்துட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "அதுல அவகூடப் பேச ஒருத்தராவது இருக்காங்களா?"

தச்சர் கழற்றிய பூட்ஸை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.