முப்பத்தெட்டு பர்வோகாக்கள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஒழுகாத ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தகரம் போடுகிறார்கள். நன்றாக ஓடுகிற காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அரைக்கால் சட்டையில் வந்து நிற்கிறார்கள். எழுபத்தொன்பது வயது வரை இதையெல்லாம் வின்சென்டி பர்வோகா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். ஆனால் குடும்பப் பேரையே ஒருத்தன் வேர்த்த சட்டையைக் கழற்றுவது மாதிரி கழற்றிப் போடுவான் என்று அவர் நினைத்ததில்லை. அதுவும் அவர் வீட்டுச் சமையலறையில், அவர் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாயைத் தின்றுகொண்டே.

"கல்யாணத்துக்கு அப்புறம் நானும் பர்வோகா ஆயிடறேன் தாத்தா," என்றான் ஹூபெர்ட். பேத்தி கிங்காவைக் கட்டப்போகிறவன். வூச் நகரத்துப் பையன்.

"நீ நோவாக். எப்படிப் பர்வோகா ஆவே?"

"சட்டத்துல இடம் இருக்கு. பொண்ணோட பேரை மாப்பிள்ளை எடுத்துக்கலாம். பதிவு அலுவலகத்துல சொன்னாப் போதும்."

"சட்டத்துல ஆயிரம் இருக்கும். நான் சட்டத்தைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன்."

கிங்கா கைபேசியை எடுத்து, பர்வோகா பேர்க்காரர்கள் இருக்கிற இடத்திலெல்லாம் புள்ளி வைத்த நாட்டு வரைபடத்தைக் காட்டினாள். அவர்கள் ஊர் இருக்கிற நாரெவ் ஆற்றோரம் ஒரு பெரிய புள்ளி, மேலே இரண்டு மூன்று சின்னப் புள்ளி, மற்றதெல்லாம் வெறும் வெள்ளை.

"நாட்டுலயே மொத்தம் முப்பத்தெட்டு பர்வோகாதான் தாத்தா இருக்கோம்."

"எண்ணினது யாரு?"

"அரசாங்கம்."

"அப்போ தப்பாத்தான் இருக்கும்." வின்சென்டி விரல் மடக்கினார். இந்த வீட்டில் மூன்று பேர். அக்கரையில் இரண்டு வீடு. "தவக்காலத்துல ஸ்தெஃபான் செத்தானே, அவனைக் கழிச்சாங்களா?"

"தெரியாது தாத்தா."

"பாத்தியா? கல்லறைத் தோட்டத்துலயே இதைவிட அதிகம் பேர் இருக்கோம். இவங்க நோவாக் எத்தனை?"

"ரெண்டு லட்சத்துக்கு மேல," என்றான் ஹூபெர்ட். "நான் ஒருத்தன் குறைஞ்சா யாருக்கும் தெரியாது."

"மூட்டைக் கோதுமையில ஒரு மணி," என்றாள் மருமகள் கிராஜினா, உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போட்டபடி. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் புருஷன் ஜெனோன், வின்சென்டியின் ஒரே மகன், டிராக்டர் கவிழ்ந்து செத்து ஏழு வருஷம் ஆகிறது. கிங்கா வேறு பேருக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் பேர் அதோடு சரி. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வின்சென்டிக்கு மட்டும் ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளன்று மகன் கல்லறைக்கு விளக்கேற்றும்போது அது நெஞ்சில் வந்து உட்காரும்.

அப்படிப்பட்டவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. கேட்காமலே ஒருத்தன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், பதிலுக்கு எதையோ கேட்கப் போகிறான்.

"பேர்னா சும்மா இல்ல தம்பி. எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ராஜாவோட வேட்டைக்குப் போனவன். குகைக்குள்ள பூந்து, வெறும் கோடரியை வெச்சுக்கிட்டு கரடியை வெளிய இழுத்தான். அதுக்கு ராஜா குடுத்த பேர் பர்வோகா, கரடி படுக்கிற குகைன்னு அர்த்தம்."

கிங்காவும் ஹூபெர்ட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பார்வை?"

"பேர்களுக்குன்னே ஒரு அகராதி இருக்கு தாத்தா," என்றாள் கிங்கா மெதுவாக. "அதுல கரடி இல்ல. வீடு வாசல் இல்லாம வைக்கோல்ல படுத்துக் கிடந்தவனை ஊர்ல அப்படிக் கூப்பிட்டாங்கன்னு போட்டிருக்கு."

கிராஜினா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மதியம் சாப்பிட்டுட்டு மாமா சாயற அழகைப் பாத்துட்டு எழுதியிருப்பாங்க."

"எழுதினவன் கரடியைப் பாத்திருக்கானா?" என்றார் வின்சென்டி. அடையை மட்டும் விடாமல் தின்று முடித்தார்.

மறுநாள் கடை வாசல் பெஞ்சில் தெயோஃபில் பீர் புட்டியோடு காத்திருந்தான். இருவரும் ஒரே வருஷம் பட்டாளத்துக்குப் போனவர்கள். ஒருத்தன் சொல்வதை மற்றவன் இன்று வரை ஒத்துக்கொண்டதில்லை.

"யோவ் வின்சென்டி, உன் பேத்தியைக் கட்டப்போறவன் உங்க பேரை எடுத்துக்கறானாமே. கெட்டிக்காரப் பய. முதல்ல பேரு, அப்புறம் உன் ஆத்தோரப் புல்வெளி."

"உனக்கு யார் சொன்னது?"

"உன் மருமகதான். ஊர் பூரா சொல்லிட்டா, சந்தோஷம் தாங்காம."

"அந்தப் புல்வெளியில பாதி வருஷம் தண்ணி நிக்குது. அது எதுக்குய்யா அவனுக்கு?"

"தண்ணி நிக்கிறது வூச்காரனுக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துவிட்டு எழுந்து வந்தாலும் அந்தப் பேச்சு சட்டையில் ஒட்டின முள் மாதிரி கூடவே வந்தது. அடுத்த சனிக்கிழமை ஹூபெர்ட் வந்ததும் வேலி கட்ட வேண்டும் என்று புல்வெளிக்கே கூட்டிப் போனார். கம்பத்தை அவர் பிடித்துக்கொள்ள, அவன் சுத்தியலால் அடித்தான்.

"நிலம் கிங்காவுக்கு மட்டும்தான். உன் பேரு பர்வோகாவா இருந்தாலும் சரி, போப்பாண்டவரா இருந்தாலும் சரி."

"சரி தாத்தா. அப்படியே எழுதிடுங்க." சுத்தியல் நிற்கவே இல்லை.

வின்சென்டிக்கு அதுவும் பிடிக்கவில்லை. பேரம் பேசாத ஆளை அவர் எந்தச் சந்தையிலும் நம்பியதில்லை. "அப்போ பேரு எதுக்குடா உனக்கு?"

"போன நவம்பர்ல கல்லறைக்குப் போய்ட்டு வந்து கிங்கா அழுதா. நாளைக்கு நமக்குப் பிறக்கறது நோவாக் பசங்க, அதுங்க எதுக்குப் பர்வோகா கல்லறையைத் தேடி வரப்போகுதுன்னு கேட்டா. எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தோணல."

"உங்க அப்பா என்ன சொன்னாரு?"

சுத்தியல் நின்றது.

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

வின்சென்டிக்கு ஏறக்குறைய நிம்மதியாகவே இருந்தது. தேடிக்கொண்டிருந்தது கடைசியில் கையில் அகப்பட்டுவிட்டது. "பெத்தவனுக்குத் தெரியாம பேரைத் தூக்கிப் போடறவன் நாளைக்கு எதைத்தான் போட மாட்டான்? உங்க அப்பா வந்து என் முகத்தைப் பாத்து 'எனக்குச் சம்மதம்'னு சொல்லணும். அதுவரைக்கும் நான் சிலுவையைத் தொட மாட்டேன்."

சிலுவை என்று அவர் சொன்னது கல்யாணத்தன்றைக்கான ஆசீரை. தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் மணமக்கள் பெண் வீட்டில் முட்டி போடுவார்கள். பெண்ணின் அப்பா தீர்த்தம் தெளித்து, நெற்றியில் சிலுவைக் குறி போட்டு, சிலுவையை முத்தமிடக் கொடுக்க வேண்டும். அப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாத்தாதான். கிங்கா அன்று மாலையே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா இல்ல. நீங்களும் வரலன்னா நான் யார் முன்னாடி முட்டி போடறது? ஆசீர் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டேன் தாத்தா. கல்யாணம் நின்னாலும் சரி."

"நிக்கணும்னு நான் சொல்லல. அவன் அப்பனைப் பேசச் சொல்லு."

கிங்கா ஹூபெர்ட்டிடம் சொன்னாள். ஹூபெர்ட் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான்.

செப்டம்பரில் கல்யாண நாள் வந்தது. காலையிலேயே வூச்சிலிருந்து பேருந்து நிறைய நோவாக்குகள் வந்து இறங்கினார்கள். கூடத்து மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் சிலுவை, இரண்டு மெழுகுவத்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் தீர்த்தம். வெளியே அக்கார்டியன்காரன் வாசிக்க ஆரம்பித்து, யாரோ கையைக் காட்டவும் நிறுத்திக்கொண்டான். வின்சென்டி கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது.

கதவைத் தட்டிவிட்டு ஒரு கனத்த ஆள் உள்ளே வந்தார். ஹூபெர்ட்டின் அப்பா ரிஷார்ட் நோவாக். முப்பது வருஷம் டிராம் ஓட்டினவர். உட்காரச் சொல்லும் வரை நின்றார். வின்சென்டி சொல்லவில்லை. அவரே உட்கார்ந்துகொண்டார்.

"நேத்துதான் சொன்னான் சம்பந்தி."

"அப்போ கோவமா இருக்கணுமே நீங்க."

"இருந்தேன். சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டேன்." ரிஷார்ட் தொப்பியை முழங்காலில் மாட்டினார். "எங்க டிப்போவுல ஒன்பது நோவாக். என்னை 'நோவாக் ஆறு'ன்னுதான் கூப்பிடுவாங்க. நிறைய பேர் இருக்கிற பேரு, அதனால ஈசியா விட்டுடுவாங்கன்னு இவன் நினைச்சுட்டான். அப்படி இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எங்க பேரு வந்த கதை தெரியுமா உங்களுக்கு? போர் முடிஞ்சப்ப எங்க அப்பாவுக்கு மூணு வயசிருக்கும். ஒரு ரயில் நிலையத்துல கிடைச்சாரு. பேரு சொல்லத் தெரியல. கன்னியாஸ்திரிங்க எடுத்து வளர்த்தாங்க. அந்த வாரம் பேரில்லாம வந்த பிள்ளைங்க எல்லாத்துக்கும் நோவாக்னு போட்டாங்களாம். எங்க பாத்தாலும் இருக்கிற பேராச்சே, யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்கன்னு."

"நிஜப் பேரு?"

"தெரியாது. அவருக்கே கடைசி வரைக்கும் தெரியாது."

பேருக்குப் பின்னால் கரடியும் இல்லாமல், வைக்கோலும் இல்லாமல் ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருப்பது வின்சென்டிக்கு என்னவோ போல் இருந்தது.

"அந்தப் பேருலயே மூணு தலைமுறை வாழ்ந்துட்டோம்," என்றார் ரிஷார்ட். "வலிக்கலன்னு சொன்னாப் பொய்."

"வலிக்குதுன்னா வேணாம்னு சொல்லுங்க. இப்பவே போய் நிறுத்தறேன்."

"வேணாம்னுதான் சொன்னேன். அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். எங்க அப்பாவுக்குப் பேரு குடுத்தவங்க 'நீ யாரு, எதுக்கு வந்தே, உள்ள என்ன நினைப்பு'ன்னு ஒண்ணும் கேக்கல. குடுத்தாங்க, அவ்வளவுதான். அதனாலதான் நான் இருக்கேன். எனக்குச் சம்மதம் சம்பந்தி. உங்க முகத்தைப் பாத்துத்தான் சொல்றேன். நீங்க மட்டும் எதுக்கு இவ்வளவு கேக்கறீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? அவனாத்தானே எடுத்துக்கறான்."

"அப்போ குடுங்க."

வெளியே யாரோ குழந்தையை அதட்டும் சத்தம். வின்சென்டி கழுத்துப்பட்டையை இறுக்கினார், பிறகு தளர்த்தினார்.

"சண்டை போட்டுக்கிட்டு நாளைக்கு இவன் வூச்சுக்கு ஓடிட்டான்னு வெச்சுக்குங்க. எங்க பேரும் கூடவே போயிடுமே?"

"ஓடி வந்தான்னா நானே டிராம்ல ஏத்திக் கூட்டிட்டு வர்றேன்."

"இங்க டிராம் வராது."

"வராதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்." ரிஷார்ட் முதல் தடவையாகச் சிரித்தார். கண் மட்டும் சிவந்தே இருந்தது.

வின்சென்டி எழுந்து கதவைத் திறந்தார். கூடத்தில் பேச்சு அடங்கியது. கிங்காவும் ஹூபெர்ட்டும் வெள்ளைத் தலையணைகளில் முட்டி போட்டார்கள். அவர் விரலைத் தீர்த்தத்தில் நனைத்து, கிங்காவின் நெற்றியில் குறி போட்டு, சிலுவையை நீட்டினார்.

"இது உன் அப்பனுக்காக," என்றார். அவள் அழுதாள். கிராஜினாவும் அழுதாள்.

ஹூபெர்ட்டுக்கு முன்னால் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. தண்ணீர் சொட்டு அவன் கால்சட்டையில் விழுந்தது. அவன் அசையவில்லை.

"உங்க அப்பா சம்மதிச்சுட்டாரு. ஒரு மாசம் முன்னாடியே அவர்கிட்டதான் நீ முதல்ல கேட்டிருக்கணும்."

"ஆமா தாத்தா. தப்புதான்."

"இந்தா, பர்வோகாங்கற பேரு. நான் குடுக்கறேன். நீயா எடுத்துக்கிட்டேன்னு எங்கயும் சொல்லிட்டுத் திரியாதே."

குறி போட்டார். அவன் சிலுவையை முத்தமிட்டான். அடுத்து கிராஜினாவும், அவளுக்குப் பின் ரிஷார்டும் அவர் மனைவியும் வந்து ஆசீர் கொடுத்தார்கள். அக்கார்டியன்காரன் யாரையும் கேட்காமலே வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

வாசலில் கார்கள் ரிப்பன் கட்டி வரிசையாக நின்றன. நோவாக்குகள் ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள். கிராஜினா முன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மாமா, இது உங்க இடம்."

"நடந்து வர்றேன்."

"புது ஷூ போட்டிருக்கீங்க. கடிக்கும்."

"என் காலைத்தானே கடிக்கும்?"

அவள் விடவில்லை. கிட்டே வந்து கோட்டின் காலரைச் சரி செய்தபடி மெதுவாகக் கேட்டாள். "இப்பவாவது அந்தப் பையனை நம்பறீங்களா?"

"பேரைக் குடுத்தேன். நம்பறேன்னு எப்போ சொன்னேன்?"

"அப்போ எப்பதான் நம்புவீங்க?"

"இருபது வருஷம் போகட்டும். வந்து கேளு."

சொல்லிவிட்டுத் திரும்பினார். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலி எழுப்பிக்கொண்டு பெரிய சாலையில் போயின. அவர் வேலியோரமாக வயலுக்குள் இறங்கி, தேவாலயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில், ஷூ கடிக்கக் கடிக்க, தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.