தும்மல் மாப்பிள்ளை

ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த ஒப்பாரிப் பாட்டை நிறுத்திவிட்டு, வேணி தன் செல்போனை அதோடு இணைத்தாள்.

"ஏய், என்னா பண்ற?" சித்தப்பா இராமலிங்கம் பாய்ந்து வந்தார். "எழவு வூட்டுல சிரிப்புப் படமா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும் சித்தப்பா. தூக்கும்போது இதத்தான் போடணும்னு ஆஸ்பத்திரியில அப்பா கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

ஏன்ப்பா என்று அன்று அவள் கேட்டதற்கு அப்பா கண்ணை மட்டும் சிமிட்டினார்.

அப்பா குருமூர்த்தி குன்னத்தில் வெங்காய வியாபாரி. பழைய இரும்புக் கடையில் தகரப் பெட்டியோடு அவருக்குக் கிடைத்தது, தமிழ் சினிமா பேசத் தொடங்கிய காலத்துப் படமான 'தும்மல் மாப்பிள்ளை'. ஒரே ஒரு சுருள்தான் மிச்சம். தாலி கட்டப் போகும் மாப்பிள்ளை தும்முகிறான். நடிப்பில்லை, நிஜத் தும்மல். படம் எடுத்தவர்கள் அடக்க முடியாமல் சிரித்ததும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அந்தச் சிரிப்புக்காகவே சேகரிப்பாளர்கள் மும்பையிலிருந்துகூட வந்தார்கள். எனக்கு மட்டும் கொடுங்கள், வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்பார்கள். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஊரே சிரிக்க எடுத்தத பீரோவுல பூட்டவா?" என்று விரட்டிவிட்டு, சோளக் களத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார். அப்படி ஒருநாள் வேணி செல்போனில் பிடித்து வைத்ததுதான் இது.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் இனி கூடப் போக முடியாது. வேணி பொத்தானை அமுக்கினாள்.

கெட்டிமேளம் கேட்டது. அப்புறம், "ஹச்ச்!"

தூக்கிய நால்வரும் சட்டென்று நின்றார்கள். புறப்படும்போது தும்மல் கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமலே பாடையை இறக்கி வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கி கெக்கெக்கே என்று சிரித்தது.

"தூக்குங்கடா!" சித்தப்பா அதட்டினார்.

"சகுனம் சரியில்லியே அண்ணே," என்று ஒருவன் இழுத்தான்.

"செத்தவருக்கு என்னடா சகு..." முடிப்பதற்குள் சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது.

எதிர்வீட்டுச் சின்னம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நால்வரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வேணி அப்பாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, அவர் நெற்றிக் காசைச் சரிசெய்தாள்.

சொம்பு காலியானது. நால்வரும் குனிந்து மூங்கிலைப் பிடித்தார்கள்.

வேணி செல்போனை எடுத்து, படத்தைத் தும்மலுக்குக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.