நீர்க்காகத்தின் கண்

காத்தான்குடியில் இர்ஷாத்தின் கடைக்குள் நுழைந்து அஜந்தா ரீச்சர் கமரா கேட்டபோது, அவன் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டான்.

"கலியாண வீட்டுக்கா ரீச்சர்? புள்ளைகள்ற பிறந்தநாளுக்கா?"

"குருவி பிடிக்க," என்றவள், உடனே திருத்தினாள். "குருவிகளைப் படம் பிடிக்க."

அவன் சிரிக்கவில்லை. கத்தாரில் ஏழு வருடம் கமராக் கடையில் நின்றுவிட்டு, யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பியவன். "எவ்வளவு தூரத்தில நிண்டு எடுப்பீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு அவன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

தூரம்தான் அவளுடைய பிரச்சினை. தேற்றாத்தீவில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கணவன் சுதாகரன் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தான். அவன் திரும்பவில்லை, வீடும் மிஞ்சவில்லை. வாவியோரப் பள்ளிக்கூடமொன்றில் நூறு குடும்பங்களோடு அவளும் கிடந்தாள். நாலாம் நாள் காலை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கடல் பக்கமிருந்து ஆலாக்கள், வெள்ளைக் கடற்குருவிகள், வந்தன. முதலில் பத்து, பிறகு ஆயிரம். வானம் வெள்ளையாகிப் போனது. அத்தனை ஆட்களை அள்ளிக்கொண்டு போன அந்தக் கடலின் மேலிருந்து ஒரு சிறகும் ஒடியாமல் இவை வந்திருக்கின்றன. கடல் வந்த அண்டைக்கு இதுகள் எங்கே நின்றிருக்கும்? அந்தக் கேள்வி அவளை எழுந்து நடக்க வைத்தது. அன்று முதல் பறவை பார்க்கத் தொடங்கினாள்.

ஆனால் அது பறவை பார்க்கத் தோதான காலமில்லை. நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அவளுக்குத் தன் தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை ஒரு சோதனைச் சாவடியில் பறித்துக்கொண்டார்கள். எதைப் பார்த்தாய், யாருக்குச் சொன்னாய் என்று இரண்டு மணித்தியாலம் கேட்டார்கள். அதன் பிறகு வெறுங்கண்ணால் மட்டும்தான் பார்த்தாள், அதுவும் பார்க்காத மாதிரி. இப்போது சண்டை ஓய்ந்து ஒன்பது மாதம். இனிக் கமராவொன்று கேட்கலாம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு புதுக் கமரா இருந்தது. அவளுடைய கண் அதில்தான் நின்றது.

"அது வடிவுதான்," என்றான் இர்ஷாத். "ஆனா அதோட வாற லென்ஸ் மணவறைக்குத்தான் காணும், தூரத்துக்குப் போதாது. வாங்க, சொல்றதவிடப் பாத்துக்குவம்."

கடைக்குப் பின்னால் நாலு வீடு தள்ளி வாவி. புதுக் கமராவோடு, பெட்டியில்லாத ஒரு பழைய கமராவையும் முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு லென்ஸையும், உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கமரா ஒன்றையும் அவன் தூக்கி வந்தான். தண்ணீருக்குள் நட்டிருந்த ஒரு கம்பில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

புதுக் கமராவில் எடுத்த படத்தில் கம்பு தெரிந்தது. குருவி ஒரு எள்ளு. சின்னக் கமராவில் குருவி பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் அவள் பொத்தானை அமத்தி, அது யோசித்து, 'கிளிக்' என்பதற்குள் கம்பு வெறுமையாகிவிட்டது.

"நிண்ட குருவிக்கு இது போதும். பறக்கிறதுக்குச் சரிவராது," என்றபடி பழைய கமராவில் நீள லென்ஸைப் பூட்டிக் கொடுத்தான். "முந்நூறு மில்லிமீட்டர். இதவிடப் பெரிசும் இரிக்கி, ஆனா நாளாந்தம் தூக்கிக்கிட்டுப் போக ஏலா. கமரா ரெண்டு மூணு வருசத்தில பழசாப் போகும் ரீச்சர், நல்ல லென்ஸ் போகாது. அதால லென்ஸத்தான் முதல்ல பாக்கணும். இடக்கையால கீழ தாங்குங்க. முழங்கைய நெஞ்சோட ஒட்டுங்க. ஷட்டர் வேகத்த ஒரு செக்கன்ல ஆயிரத்தில ஒண்டுல வெச்சிருக்கன்."

இரண்டு கிலோ சீனியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தது போலிருந்தது. மீன்கொத்தி இப்போது தண்ணீருக்கு மேலே, ஆணியில் மாட்டியது போல ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நின்றது. அவள் அதைத் தேடிப் பிடித்தாள். அது கல்லாக விழுந்தது. விரலும் அதோடு விழுந்தது.

பதினாலு படங்களில் பதின்மூன்று வெறும் புகை. மிஞ்சிய ஒன்றில் மீன்கொத்தி தண்ணீரைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. அலகில் ஒரு சின்ன மீன். அந்த மீனின் கண்கூடத் தெரிந்தது. குருவியைச் சுற்றித் துளிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, விழ மறந்தவை போல ஆகாயத்தில் நின்றன.

"சுப்ஹானல்லாஹ்," என்றான் இர்ஷாத், மெல்ல.

அஜந்தா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். ஐந்து வருடமாகத் தினமும் பார்த்த குருவி. இதில் ஒன்றையும் அவள் பார்த்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மண்டூரில் படிப்பிக்கப் போகும்போது, இர்ஷாத்திடம் வாங்கிய பழைய கமராவை நீள லென்ஸோடு தோளில் மாட்டிக்கொண்டு குருமண்வெளியில் பாதை ஏறினாள். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை அங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். நடு வாவியில் ஒரு பட்ட மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அவள் லென்ஸைத் தூக்கினாள்.

பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். உரப்பையோடு நின்ற ஒரு ஆள் பலகையில் குந்தி, தலையை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். மண்டூர் வயற்காரர் நல்லரத்தினம். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவருடைய கண் போன திசையில் பார்த்தாள். அவள் கையிலிருந்த, துவக்குப் போல நீண்ட கறுப்புக் குழாயைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

லென்ஸை இறக்கிவிட்டு அவருக்கருகில் தானும் குந்தினாள்.

"மன்னிச்சுக் கொள்ளுங்க அண்ணன். இது கமரா. நீர்க்காகத்தைப் பாத்தனான்."

அவர் எழும்பவில்லை. வெட்கமும் கோபமும் முகத்தில் மாறிமாறி வந்தன. "அந்தச் சனியன் பிடிச்ச காகத்தில என்னத்தப் பாக்கக் கிடக்கு?"

"நீங்களே பாருங்க."

தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். அவள் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவர் ஒரு கண்ணை மூடினார். கொஞ்சநேரம் மரம் எங்கே என்று தேடினார். பிறகு அவருடைய வாய் மெல்லத் திறந்தது.

"பிள்ளை… இதுக்குக் கண் பச்சை!"

"ஓம்."

"மரகதக் கல்லுப் போல பச்சை! பிறந்ததிலயிருந்து இந்த வாவியில திரியிறன். கறுப்புக் காகம் எண்டுதான் நினைச்சிருந்தன்."

ஒருவர் மாறி ஒருவராக எல்லாரும் கேட்டார்கள். பாதை ஓட்டுகிறவர் மோட்டாரை நிற்பாட்டிவிட்டுத் தானும் வந்து பார்த்தார். மிதவை சத்தமில்லாமல் நடு வாவியில் அசைந்துகொண்டு நின்றது. பள்ளிக்கூட மணி அடித்திருக்கும், அஜந்தா அவசரப்படவில்லை. கமராவைத் திரும்ப வாங்கி அவள் எடுத்த முப்பது படமும் மிதவையின் ஆட்டத்தில் கலங்கித்தான் போயிருந்தன.

மண்டூர்க் கரையில் இறங்கியதும் நல்லரத்தினம் உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தார். நின்று, திரும்பிப் பார்த்தார்.

"ரீச்சர், சனிக்கிழமை வெள்ளன வாங்க. வெட்டின வயல் வட்டைக்குள்ள பென்னாம்பெரிய நாரைகள் வந்து இறங்கிக் கிடக்கு. அதுகள்ற கண் என்ன நிறமெண்டு பாக்கோணும்."

"வாறன்," என்றாள் அஜந்தா.