கடையை விட்டு நகராதவர்

மெத்தைக்கடைக்காரர் முன்வாசல் வழியாக வெளியே கால் வைத்தால் பின்வாசல் வழியாகக் கடைக்குள் வந்து நிற்பார். பின்வாசலில் போனால் முன்வாசல். மானியத்தில் இணைய இணைப்பு கொடுத்து, சுவரில் மாட்டிய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த சாயங்காலத்திலிருந்து இப்படித்தான். அன்றைக்கு அவர் மனைவிக்கு வாங்கிய வலித் தைலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்பியவர் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தார். ஏதோ ஞாபகத்தில் திரும்பிவிட்டோம் என்று நினைத்து மறுபடி போனார். மறுபடி வந்தார். எதிர்க்கடைக்காரர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். அந்த வாரம் பால் விலை ஏறியிருந்ததால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

குற்றம் யாருடையது என்று கேட்டால், வாயுடையதுதான். சிறு கடைகளுக்கு இணையக் கட்டணத்தில் பாதியை அரசே ஏற்கும் என்று அறிவித்திருந்தார்கள். முன்பு இப்படி ஒரு சலுகை வந்தபோது, கடையின் பேரில் வாங்கிய இணைப்பை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் குடும்பத்தோடு படம் பார்த்தவர்களே அதிகம். அதனால் இந்தத் தடவை ஓர் அதிகாரி கடை கடையாக வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார், பதிலைக் கையிலிருந்த டேப்லட்டில் ஏற்றிக்கொண்டார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் மானியம் கிடைக்கும் என்பது தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒரே ஒரு மிஷின் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை அக்கா, தன்னிடம் பத்துப் பேர் வேலை பார்ப்பதாக அடித்துவிட்டாள். விளக்கு எரிந்த மறுநாள் காலை, முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து எங்கே உட்காருவது என்று கேட்டார்கள். மளிகைக்காரர் கடையை மூடுவதே இல்லை என்றார். அவருடைய ஷட்டர் அப்புறம் இறங்கவேயில்லை. மெத்தைக்கடைக்காரரிடம் அதிகாரி, "வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிட மாட்டீங்களே?" என்று கேட்டார். "வீடா? சாப்பாடு, தூக்கம் எல்லாமே இங்கதான் சார். கடையை விட்டு நகர்றதே இல்ல" என்றார் இவர், நெஞ்சில் கைவைத்து. அரசாங்கத்திடம் சொன்ன வார்த்தை, பலித்துவிட்டது.

மாட்டிக்கொள்வதற்கு மெத்தைக்கடை போல வருமா என்று தெரு கேலி செய்தது. உண்மையில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த தெருவில், மூன்றாவது மாடியில் அவர் மனைவி தனியாக இருந்தாள். படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அவளால் கீழே இறங்க முடியாது. தினமும் கடையை மூடிவிட்டுப் போய், காலுக்குத் தைலம் தேய்த்து, கட்டிலிலிருந்து ஜன்னல்வரை கைபிடித்து நடத்திக் கூட்டிப் போவது இவர் வேலை. நடக்காமல் விட்டால் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெட்டியின் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார்; விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இணைப்பை ரத்து செய்ய அலுவலகத்துக்குப் போன் போட்டார். நேரில் வந்து எழுதித் தர வேண்டும் என்றது ஒரு பெண் குரல். "வர முடியலன்னுதானேம்மா ரத்து பண்ணச் சொல்றேன்?" "புரியுது சார். அதையும் நேர்ல வந்து சொல்லிடுங்க."

வியாபாரம் மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. நீள ஊசியால் மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே, தலையணைமேல் சாய்த்துவைத்த போனில் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். படம் அவ்வளவு தெளிவு. அவள் நெற்றியில் புதிதாக நரைத்த முடியைக்கூடக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுக்காரி சாப்பாடு கொடுத்துவிட்டு, பால் காய்ச்ச அடுப்பைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போவாள், ஆனால் நடத்திக் கூட்டிப்போக அவளுக்குப் பொழுது இல்லை. "சுவரைப் பிடிச்சுக்கோ. மெதுவா. நான் இருக்கேன்ல" என்பார் இவர். எங்கே இருக்கிறார்? வருடம் ஒன்று இப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விழுந்தாள். போனில் வெறும் சுவர் தெரிந்தது, கீழேயிருந்து முனகல் கேட்டது. ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார். முன்வாசலில் பாய்ந்தார், பின்வாசலில் வந்து விழுந்தார். எழுந்து மறுபடி பாய்ந்தார். மெத்தை வாங்க வந்திருந்த தம்பதி ஒதுங்கி நின்று, ஒரே ஆள் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப ஓடி வருவதைப் பார்த்தார்கள். அவர் அழுதுகொண்டே ஓடினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி போய் அவளைத் தூக்கி உட்காரவைத்த பிறகுதான் நின்றார். அதற்குள் வாசற்படி தேய்ந்து வழவழத்துவிட்டது.

அடுத்த வாரம் அதிகாரி வருடாந்திரச் சோதனைக்கு வந்தார். சொன்னது சொன்னபடி கடையிலேயே இருக்கும் ஒரே பயனாளி இவர்தான் என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கடைசியாக, "குடும்பத்துல வேற யாராவது தொழில்ல இருக்காங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்று இவர் வாயெடுப்பதற்குள் தலையணைமேல் இருந்த போன் பேசியது.

"நான் இருக்கேன் சார்."

"வேண்டாம்! சொல்லிடாதே. நீயும் மாட்டிக்குவே!"

"நீங்க சும்மா இருங்க. இங்க மட்டும் நான் எங்க போயிட்டு இருக்கேன்?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுதிக்கோங்க சார். நானும் அந்தக் கடையிலதான் இருக்கேன். அவரை விட்டு நகர்றதே இல்ல."

அதிகாரி டேப்லட்டில் ஏற்றினார். பச்சை விளக்கு ஒருதரம் கண்சிமிட்டியது. இரட்டைக் கட்டில் மெத்தையின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள், கையில் கரண்டியோடு. "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்க" என்பதுதான் அவள் கடைக்குள் பேசிய முதல் பேச்சு. அவர் போன் போட்டார். அப்புறம் தைலத்தை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தார்.

மானியம் முடிய வேண்டிய வருடத்தில் அரசு அதை நீட்டித்தது, தெரு முழுக்க ஒரே கொண்டாட்டம். மெத்தைக்கடையில் இப்போதும் சாயங்காலமானால் ஷட்டர் பாதி இறங்கும். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே நடத்துவார். இருவரும் பின்வாசல் வழியாக உள்ளே வருவார்கள். டாக்டர் சொன்ன நடை அப்படி முடிகிறது. பிறகு அவள், "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பாள்.