பேட்டரி இல்லாத பல்பு

வெல்டருக்கு அந்த மாதம் முழுக்க ஒரே பைத்தியம். வானத்தில் எரிந்து விழுகிற கற்களின் மேல் ரேடியோ அலையைத் தெறிக்கவிட்டு, மலைகளுக்கு அப்பால் இருக்கும் ஒரு மருந்துக்கடைக்காரரோடு தொடர்பு கொண்டுவிட வேண்டும். வாயால் பேசுவதில்லை. கல் எரிந்து ஒரு கோடு போடும். அந்தக் கோடு கலைவதற்குள் கம்ப்யூட்டர் அனுப்பும் நாலு எழுத்து அதில் பட்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கல் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பதினைந்து வினாடி இவன் அனுப்புவான், அடுத்த பதினைந்து வினாடி அவர் அனுப்புவார். மாற்றி மாற்றி, கல் விழுகிறவரை.

முதல் வாரம் கடிகாரம் ஒத்துவராமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அனுப்பித் தொலைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் போனில் சிரித்தார். "ஏங்க, கல்யாணமாகி இருபது வருஷமான புருஷன் பொண்டாட்டி மாதிரி இருந்திருக்கோம். ரெண்டு பேரும் பேசுறோம், கேக்க ஆளில்ல."

மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. "கல்லு விழுந்தாதான் வாயத் தொறப்பாராமா உங்க சிநேகிதர்?" என்பாள். அவளுக்கு ஒரே தொல்லை, பிளக்தான். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பாயிண்ட். இஸ்திரி போட வேண்டுமானால் ரேடியோவைப் பிடுங்க வேண்டும். "பிடுங்கினா வேலை முடிஞ்ச கையோட திரும்பச் சொருகணும், மறந்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று அவன் கத்தி வைத்திருந்தான். அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. கரண்ட் போய் வந்தால் தானே எழுந்து அனுப்ப ஆரம்பிக்கும்படி அந்தப் பெட்டிகளைப் பழக்கியும் வைத்திருந்தான்.

வீடு கல்குவாரி விளிம்பில் இருந்த லைன் வீடு. கூரை மேல் அவனே அலுமினியக் குழாயை அறுத்துச் செய்த ஏரியல், நேராகக் குவாரிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் இருந்த திசை அது. என்ன செய்ய.

பள்ளத்தில் வெடி வைப்பவர் அவன் மனைவியின் அண்ணன். பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை இறக்கி, அதைப் பற்றவைக்கும் கேப்பிலிருந்து வரும் கம்பிகளைக் கையால் முறுக்கிக் கோப்பார். அந்தக் கம்பி ரேடியோ அலையைப் பிடித்துவிட்டால் யாரும் பொத்தானை அழுத்தாமலே வெடிக்கும். அதனால்தான் குவாரி வாசலில் பலகை மாட்டி, உள்ளே போகிறவர்களின் போனைத் தகரப் பெட்டியில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வெல்டருக்கு இது தெரியாததல்ல. வெடி மத்தியானம், கல் விடியலில். வேலைக்குக் கிளம்பும்போது அணைத்துவிடுகிறோம், பிறகென்ன என்று இருந்தான். மேனேஜரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏரியலைக் கழற்றச் சொல்வார்.

அன்று காலை தொடர்பு முக்கால்வாசி முடிந்துவிட்டது. இவன் அனுப்பியது அவருக்குக் கிடைத்தது, அவர் அனுப்பியது இவனுக்குக் கிடைத்தது. 'கிடைத்தது' என்ற கடைசிச் சொல் மட்டும்தான் பாக்கி. இப்போது அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

பட்டறையில் லோடர் வாளியின் பல்லைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் வந்து நின்றார்.

"சீக்கிரம் முடிப்பா. இன்னைக்கு வெடி காலையிலயே. மத்தியானம் பெரிய ஆளுங்க வர்றாங்களாம். உன் மச்சான் அப்பவே கம்பி கட்ட ஆரம்பிச்சாச்சு."

வெல்டர் முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி தெருமுனைக் குழாய்க்குப் போயிருந்தாள். திரையில் அந்தக் கடைசிச் சொல் வந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு மாதம் தவம் கிடந்த சொல். அதை ஒரு தரம்கூடச் சரியாகப் படிக்காமல் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பள்ளத்துக்கு ஓடினான். வாசலில் காவல்காரர் போனை வாங்காமல் விடவில்லை.

ஆட்கள் எல்லோரும் தூரத்தில் மேட்டின் மேல் நின்றார்கள். மச்சான் மட்டும் துளைகளுக்கு நடுவே குந்தியிருந்தார். பக்கத்தில் தனியாகக் கிடந்த கம்பித்துண்டின் முனைகளில் ஒரு சின்ன டார்ச் பல்பு. வெடிக் கம்பியைத் தொடுமுன் அப்படி ஒன்றைக் கட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். காற்றில் அலை இருந்தால் பேட்டரி இல்லாமலே எரியும்.

"வா மாப்ள. கட்டினப்ப எரியல. ரெண்டு குழி கோத்துட்டு திரும்பிப் பாக்குறேன், எரியுது. பதினஞ்சு எண்ணுனா அணையுது. இன்னொரு பதினஞ்சு எண்ணுனா எரியுது. உன் வீட்டுல நான் பாக்காத கணக்கா?"

"அணைச்சுட்டேன் மச்சான்."

"தெரியும். அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு."

திட்டுவார் என்று வெல்டர் நின்றான். அவர் திட்டவில்லை. பக்கத்துப் பாறையைத் துடைத்துக் காட்டினார்.

"உக்காரு. மிச்சத்தைக் கோக்குறவரைக்கும் இங்கயே இரு. நீ உக்காந்தாதான் எனக்குக் கை ஓடும்."

உட்கார்ந்தான். மச்சானின் விரல்கள் மூன்றாவது குழியின் கம்பியைப் பிரித்தன. எதையாவது பேச வேண்டுமே என்று மச்சான் பேசினார்.

"பையன் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டானா?"

"இல்ல, இனிமேதான். சட்டைக்கு இஸ்திரி…"

வெல்டர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மனைவி குழாயிலிருந்து வந்திருப்பாள். பாயிண்ட் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பாள். சட்டையைத் தேய்த்து முடித்திருப்பாள். அதன் பிறகு என்ன செய்வாள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்.

"மச்சான், கைய எடுங்க."

மச்சான் இரண்டு கம்பியையும் அப்படியே கீழே விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கோத்து முடித்த இரண்டு குழிகளும் அவர்கள் காலடியில் இருந்தன. மேட்டிலிருந்து யாரோ இருமினார்கள். பல்பினுள் இழை மெல்லச் சிவந்தது.

"எண்ணு" என்றார் மச்சான்.